திரை இருள்வது ஏன்?

கடையில் விற்கும் கணிப்பொறியை அப்படியே வாங்காமல், வேண்டிய உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தம் கையாலேயே ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. படம் வரைவோர், திரைக்காட்சிகளைத் தொகுப்போர், கட்டட அமைப்புகளை வகுப்போர், விளையாட்டில் ஈடுபாடுடைய இளைஞர் எனப் பலரும் இவ்வழியை நாடுகின்றனர். இதில் நன்மை உண்டு. கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற உறுப்புகள் கிடைக்கின்றன. பழுதான ஒன்றை மட்டும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் இந்நன்மையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. ஒரே நிறுவனம் செய்து விற்ற பொறி பழுதுற்றால், அந்நிறுவனத்தைக் கேட்கலாம். பல நிறுவனங்கள் செய்த உறுப்புகளை நாமே இணைத்த பொறி பழுதுற்றால், குற்றம் எவ்வுறுப்பினுடையது என்பதை நாமேதான் கண்டறிய வேண்டும்.

அத்தகைய பொறிகளில் அடிக்கடி தோன்றி, உரியவரைப் பெரிதும் குழப்பும் குறை ஒன்று உண்டு. பொறி எளிய வேலைகளைச் செவ்வனே செய்யும். கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். கடினமான படவேலை ஒன்றைத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை திடீரென்று இருண்டுவிடும். சில வேளைகளில் பொறி முழுவதுமே அணைந்துவிடும். பல மணி நேரம் உழைத்த உழைப்பு ஒரு நொடியில் மறைந்துபோகும். ‘கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது’ என்று உரியவர் முடிவு செய்கிறார். பெரும்பாலும் பொறியின் உறுப்புகளுள் விலை மிகுந்தது அதுவே. கடன் வாங்கியேனும் புதியதொன்றைப் பூட்டுகிறார். மறுநாள் மாலை திரை மீண்டும் இருள்கிறது! குற்றம் அந்தக் கார்டில் இல்லை. அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியிலோ, அம்மின்சாரத்தை ஆளும் முறையிலோ இருந்தது. இவ்வாறு வீணாகும் பணத்தையும் உழைப்பையும் காத்துக்கொள்ள இக்குறையை முறையாக ஆராய்வது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில், கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை மின்சாரத்தை எவ்வாறு செலவிடுகிறது என்பதைக் காண்போம். ஒரு மின்விளக்கு எரியும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தைக் கொள்கிறது. வரைகலை அட்டை அவ்வாறன்று. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3080 என்னும் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலுள்ள சிப்பில் 2,800 கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. வேலை மிகும்போது அவ்வட்டை முழுவதற்குமாக 320 வாட் செலவாகிறது. வேலையின்றி இருக்கும்போதோ, அதில் பத்தில் ஒரு பங்களவே போதும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே அது வினாடிக்குப் பலமுறை ஏறியும் இறங்கியும் நிற்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சிப்பின் துடிப்பு வேகத்தைக் கூட்டினால் அதே விகிதத்தில் மின்செலவு கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ, செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே வேகத்தையும் அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், துடிப்பினால் 100 வாட் செலவான இடத்தில் ஏறத்தாழ 73 வாட் போதும். பத்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்துக் கால் பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கிறோம்! மின்சார ஆளுகை என்பதன் அடிப்படை இதுவே. அட்டையிலேயே பதிந்துள்ள சிறு நிரலும், ‘டிரைவர்’ என்னும் இயக்கி மென்பொருளும், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளமும் ஆகிய மூன்றும் சேர்ந்து இவ்வாளுகையை நடத்துகின்றன. மூன்றும் ஒத்துழைக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவற்றுள் ஒன்று பிசகினாலும் திரை இருள்கிறது.

இனி, மின்சாரம் வரும் வழியைப் பார்ப்போம். சுவரிலுள்ள இணைப்பிலிருந்து ‘பவர் சப்ளை’ என்னும் மின்வழங்கிப் பெட்டிக்கு அது வருகிறது. அங்கே 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறுகிறது. அங்கிருந்து இரண்டு வழிகளில் அட்டையை அடைகிறது. ஒன்று, மதர்போர்டில் அட்டை செருகப்பட்டிருக்கும் நீண்ட ஸ்லாட். இதன் வழியே அதிக அளவாக 75 வாட் பெறலாம். மற்றொன்று, பெட்டியிலிருந்து நேரே வரும் கேபிள்கள். ஆறு முனைகள் கொண்ட இணைப்பிக்கு 75 வாட் என்றும், எட்டு முனைகள் கொண்டதற்கு 150 வாட் என்றும் வரையறுத்துள்ளனர். எனவே எட்டு முனை இணைப்பிகள் இரண்டு கொண்ட அட்டைக்கு, ஸ்லாட்டையும் சேர்த்து 375 வாட் வரை வழியுண்டு. அட்டையை அடைந்த 12 வோல்ட், அங்குள்ள சீராக்கிகளால் ஏறத்தாழ ஒரு வோல்ட்டாகத் தாழ்த்தப்படுகிறது. அழுத்தம் தாழத் தாழ மின்னோட்டம் பெருகும். கேபிள்களில் இருபத்தேழு ஆம்பியர் அளவில் வந்த ஓட்டம், சிப்பினுள் நுழையும்போது இருநூறு ஆம்பியரைத் தாண்டுவது இயல்பு. இவ்வளவு பெரிய ஓட்டம் செல்லும் வழியில் ஓர் இணைப்பு சற்றே தளர்ந்திருந்தாலும் அழுத்தம் குறையும், சூடும் பிறக்கும்.

இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘அட்டைக்கு 320 வாட், பிராசசருக்கு 125 வாட், மற்றவற்றுக்கு 75 வாட் என்றால், மொத்தம் 520 வாட். என் மின்பெட்டி 550 வாட் தரவல்லது. பின் ஏன் பொறி அணைகிறது?’ என்பர். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு. மாதச் செலவு வரவுக்குள் அடங்குகிறது என்று நிம்மதியாக இருக்கும் குடும்பத்துக்கு, ஒரே நாளில் கல்யாணச் செலவு வந்து நின்றால் என்ன ஆகும்? அதுபோன்றதே இதுவும். சும்மா இருந்த அட்டை பெருவேலையில் பாயும்போது, கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்துக்குள், குறித்த அளவைக் கடந்து மின்சாரத்தை இழுக்கிறது. மின்பெட்டியினுள் இருக்கும் காப்பு அமைப்பு, இதனைக் குறுக்குச்சுற்று என்று எண்ணி, தன் கடமையைச் செய்கிறது. அதாவது அனைத்தையும் அணைத்துவிடுகிறது. 2020-இல் 320 வாட், 350 வாட் அட்டைகள் வந்தபோது, தரமான மின்பெட்டிகள் சிலவும் இவ்வாறு அணைந்தன. ஆகவேதான் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் வரையறை, அட்டைகளுக்கான புதிய பதினாறு முனை இணைப்பியைக் கொண்ட மின்பெட்டிகள் தம் அளவைப் போல் இருமடங்கு திறனை ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று விதித்தது. 3080 அட்டைக்கு 750 வாட் பெட்டி வேண்டும் என்று அதன் நிறுவனமே அறிவித்ததும் இக்காரணம் பற்றியே. அது வீண் ஆடம்பரம் அன்று. பாய்ச்சலுக்கு விட்ட இடம்.

நோய் நாடும் மருத்துவர் முதலில் குறிகளை வினவுவது போல, நாமும் குறிகளைப் பிரித்தறிய வேண்டும். அவை நான்கு வகைப்படும்.

முதல் வகை: செருகியைப் பிடுங்கியது போலப் பொறி முழுவதும் அணைதல். இங்கே ஐயம் மின்பெட்டியின்மேலும் அதற்கு முன்னுள்ள வழியின்மேலும் விழவேண்டும். பெட்டியின் பின்புறச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டபின்தான் பொறி மீண்டும் இயங்குகிறது என்றால், காப்பு அமைப்பே அணைத்தது என்ற ஐயம் வலுப்பெறும். விண்டோஸ் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற குறிப்பு காணப்படும். அதைக் கண்டு பலர், மின்பெட்டி கெட்டது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதாகக் கொள்கின்றனர். அது பொருந்தாது. பொறி முறைப்படி மூடப்படாமல் நின்றுபோயிற்று என்பதே அக்குறிப்பின் பொருள். காரணத்தை அது கூறுவதில்லை.

இரண்டாம் வகை: திரை மட்டும் இருளும், விசிறிகள் சுழலும், பாட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். சில வேளை திரை தானே மீளும். விண்டோஸ் விஸ்டா வந்த காலமுதல், வரைகலை அட்டை இரண்டு வினாடிக்குள் விடையிறுக்காவிட்டால், இயங்குதளம் அதன் இயக்கியை மீண்டும் தொடங்கிவிடுகிறது. பதிவேட்டில் 4101 என்னும் எண்ணோடு அது குறிக்கப்படுகிறது. இயக்கி மென்பொருளின் பிழை, வேகத்தை வரம்புமீறிக் கூட்டியது, அழுத்தத்தை அளவுக்கு மேல் குறைத்தது, தளர்ந்த இணைப்பு ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம்.

மூன்றாம் வகை: திரை இருளாது; ஆனால் வேலை மந்தமாகும். அட்டை தன் முழு வேகத்துக்கு ஏற மறுக்கிறது. வெப்ப வரம்பு, மின்திறன் வரம்பு, அழுத்த வரம்பு ஆகியவற்றுள் எது தடுக்கிறது என்பதை ஜி.பி.யு.-இசட் போன்ற இலவச நிரல்கள் காட்டிவிடும். வெப்பமே தடை என்றால், தூசியைத் துடைப்பதுதான் மருந்து. புதிய அட்டை அன்று.

நான்காம் வகை வியப்பானது. பெருவேலையின்போது ஒன்றும் நிகழாது, ஓய்வின்போதுதான் தொல்லை. சற்று நேரம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை எழாது. அட்டைக்கும் மதர்போர்டுக்கும் இடையேயுள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பு, வேலையில்லாதபோது மின்சாரத்தைச் சேமிக்கத் தூங்குவது உண்டு. அத்தூக்கத்திலிருந்து எழும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இக்குறை தோன்றும். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் தலைப்பின்கீழ் இத்தூக்கத்தை நிறுத்திவைக்கலாம். லினக்ஸில் தொடக்கக் கட்டளையிலேயே இதைத் தடுக்கலாம். இதற்கு மாறாக, அட்டை ஓய்வே கொள்ளாமல் சூடாக இருப்பதும் உண்டு. வெவ்வேறு வேகத்தில் புதுப்பிக்கப்படும் இரண்டு திரைகளை இணைத்தால் இது நேரும். அட்டையின் நினைவகம் தன் வேகத்தை மாற்ற, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி வேண்டும். இரண்டு திரைகளின் இடைவெளிகளும் ஒன்றுபடாதபோது, அது உயர்ந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறது. இது பழுதன்று. இரண்டு திரைகளையும் ஒரே வேகத்தில் அமைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தணியும்.

குறிகளை அறிந்தபின் ஆராய்ச்சியைத் தொடங்கலாம். இதற்கு வேண்டிய முதற்கருவி ஒரு குறிப்பேடு. குறை எந்நாள், எம்மணிக்கு, எவ்வேலையின்போது, எவ்வாறு தோன்றிற்று என்பதை எழுதிவர வேண்டும். இரண்டாவது, ஒரே நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து குறை நீங்கினால், எது நீக்கியது என்பது தெரியாது. குறை மீண்டு வரும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்போம். மூன்றாவது, செலவில்லாத மாற்றங்களை முதலிலும், செலவுள்ளவற்றை இறுதியிலும் செய்ய வேண்டும்.

செலவில்லாதவற்றுள் முதலாவது, வேகத்தையும் அழுத்தத்தையும் நாம் மாற்றியிருந்தால் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. அடுத்தது, யு.பி.எஸ். வழியாகப் பொறி இயங்கினால், சோதனைக்காக நேரே சுவர் இணைப்பில் பொருத்துவது. வீடுகளில் பரவலாக உள்ள 600 வோல்ட்-ஆம்பியர் யு.பி.எஸ். பலவும் 360 வாட்டுக்கு மேல் தருவதில்லை. முன்சொன்ன 520 வாட் பொறியை அது தாங்காது. மூன்றாவது, பொறியை அணைத்து, சுவர்ச் செருகியையும் பிடுங்கிவிட்டு, அட்டையையும் கேபிள்களின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் அழுந்தச் செருகுவது. ஒரே கேபிளில் கிளைபிரிந்த இரண்டு இணைப்பிகளையும் ஒரே அட்டையில் பொருத்தியிருந்தால், அதை மாற்றி, இணைப்புக்கு ஒரு கேபிளாகப் பெட்டியிலிருந்து தனித்தனியே கொண்டுவருவது நலம். நான்காவது, இயக்கி மென்பொருளை முற்றும் நீக்கிப் புதிதாக நிறுவுவது. குறை அண்மையில்தான் தோன்றியதென்றால், முந்திய பதிப்பை இட்டுப் பார்ப்பது.

இவற்றால் தெளிவு பிறக்காவிட்டால், ஐந்தாவது சோதனை ஒன்று உண்டு. அட்டையின் மின்திறன் வரம்பை மென்பொருள் வாயிலாக எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைத்து, வழக்கமான வேலையை இரண்டு மூன்று நாள் செய்து பார்க்க வேண்டும். குறை தோன்றவில்லையானால், வரம்பைப் பழையபடி உயர்த்த வேண்டும். உயர்த்தியவுடன் குறை மீண்டும் தோன்றினால், மின்சாரம் வரும் வழியின்மேல் ஐயம் உறுதிப்படுகிறது. வரம்பைக் குறைக்கும்போது வெப்பமும் குறைவதால், வெப்ப அளவையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். இறுதியாக, போதிய திறனுள்ள நண்பர் ஒருவரது பொறியில் நம் அட்டையைப் பூட்டிப் பார்ப்பது. அங்கே அது செவ்வனே இயங்கினால், அட்டை குற்றமற்றது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

மென்பொருளினால் மின்சாரக் குறை தீருமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு கூறலாம். 2016-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஏ.எம்.டி. நிறுவனம் ஆர்.எக்ஸ். 480 என்னும் அட்டையை வெளியிட்டது. அதன் அளவு 150 வாட். ஆறு முனை இணைப்பி ஒன்றே அதற்கு இருந்தது. ஸ்லாட் 75, இணைப்பி 75. கூட்டினால் சரியாக 150. மிச்சம் சிறிதும் இல்லை. அளந்து பார்த்தோர், அவ்வட்டை ஸ்லாட்டின் வழியே வரம்புக்கு மேல் மின்சாரத்தை இழுக்கிறது என்று கண்டனர். ஜூலையிலேயே நிறுவனம் புதிய இயக்கி ஒன்றை வெளியிட்டு, ஸ்லாட்டின் சுமையில் ஒரு பகுதியைக் கேபிளுக்கு மாற்றியது. மொத்தச் செலவைக் குறைக்கும் விருப்ப அமைப்பு ஒன்றையும் சேர்த்தது. திருப்புளியைத் தொடாமலே, எழுத்துக் கட்டளைகளால் அக்குறை சீர்செய்யப்பட்டது.

மென்பொருளால் தீராத குறைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2022 அக்டோபரில் 450 வாட் அளவுள்ள ஆர்.டி.எக்ஸ். 4090 வெளிவந்தது. முன்சொன்ன பதினாறு முனை இணைப்பியே அதில் அமைந்தது. 600 வாட் வரை அதற்கு வரையறை. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு முனைகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒவ்வொன்றும் எட்டு ஆம்பியருக்கு மேல் சுமக்கிறது. சில வாரங்களுக்குள் இணைப்பிகள் உருகிய செய்திகள் வந்தன. இணைப்பி முழுவதும் செருகப்படாமையே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்று என்விடியா நவம்பரில் கூறியது. 2023-இல் இணைப்பியைத் திருத்தியமைத்து, உணர்முனைகளைக் குட்டையாக்கினர். முழுதும் செருகாவிட்டால் மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆயினும் 2025-இல் வந்த 575 வாட் அட்டையிலும் இத்தகைய செய்திகள் தோன்றாமல் இல்லை. எனவே இவ்வகை இணைப்பியை இடைவெளி சற்றும் தெரியாதவாறு செருக வேண்டும். இணைப்பியை ஒட்டியே கேபிளைக் கூர்மையாக வளைத்தலும் கூடாது. கருகிய வாடை வந்தாலோ, இணைப்பியின் நிறம் மாறியிருந்தாலோ, ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திப் பொறியை அணைத்துவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறவேண்டும். கழற்றிப் பூட்டத்தக்க கேபிள்கள் அட்டையின் பக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் பக்கத்தில் முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரு பெட்டியின் கேபிளை மற்றொரு பெட்டியில் பொருத்தினால், வடிவம் பொருந்தினாலும் உறுப்புகள் எரிந்துபோகலாம். பெட்டியை மாற்றும்போது அதற்குரிய கேபிள்களையும் மாற்றியே தீரவேண்டும். மற்றொன்று, மின்பெட்டியைத் திறந்து பழுதுபார்க்க முயலுதல் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும், அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் உயிருக்கு ஊறு செய்யத்தக்க அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பின், குற்றம் அட்டையினுடையதே என்று தெரியவருமாயின், அப்போது அதை மாற்றுவதில் தவறில்லை. உத்தரவாதக் காலம் இருந்தால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் செல்லலாம். ‘சில சமயம் அணைகிறது’ என்று சொல்பவரைவிட, ‘மின்பெட்டியை மாற்றிப் பார்த்தேன், வேறு பொறியிலும் இதே குறை, இத்தனை நிமிடத்தில் தோன்றுகிறது’ என்று சொல்பவரது வழக்கு வலிமை உடையது. குற்றம் வேறிடத்தில் இருப்பின், நல்ல அட்டை ஒன்று குப்பைக்குப் போகாமல் தப்பும். ஒருவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமும் தப்பும். பல சமயம் அதைக் காப்பதற்கு ஆகும் செலவு, அழுந்தச் செருகிய ஒரு கேபிளும் ஒரு மாலைப் பொழுதுமே.